பன்றிக் குருதியில் புடகம் பிரிக்க: பொலிமர் கிற்றா, செப்பரோஸ் ஜெல்லா?

வைரசு தொற்றிய பன்றியின் கலங்கள் வெளிவிடும் புடகங்களை, அதாவது நுண்பைகளை, குருதியிலிருந்து பிரித்துப் பார்ப்பதற்காக என்றால், 'எக்சோசோம் பிரிக்கும் கிற்' என்ற பெயரில் வரும் பொலிமர் பெட்டியை வாங்க வேண்டாம். செப்பரோஸ் சிஎல்-2பி ஜெல் (துணிக்கைகளை அளவுப்படி பிரிக்கும் நுண்துளை மணிகள்) ஒரு போத்தல், 10 மில்லி பிளாஸ்ரிக் சிறிஞ்சுகள், நைலோன் காலுறை ஒரு சோடி, இவ்வளவும் போதும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அடிக்கடி கரண்ட் போகும் ஒரு ஆய்வுகூடத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் ஜெல்லுக்கும் ஒரு எல்லை உண்டு. அதை விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள்.

கலம் ஒவ்வொன்றும் மென்சவ்வால் சுற்றிய நுண்பைகளை ஓயாமல் வெளியே விடுகிறது. 30 முதல் 150 நனோமீற்றர் வரையான எக்சோசோம்கள் கலத்துக்குள்ளேயே உருவாகி வருபவை. அதைவிடப் பெரிய நுண்புடகங்கள் மேற்சவ்விலிருந்து மொட்டுப்போல அரும்பிப் பிரிபவை. வைரசு புகுந்ததும் இந்தப் பைகளின் சரக்கு மாறுகிறது. இதில் நன்றாக ஆராயப்பட்டது பிஆர்ஆர்எஸ், அதாவது பன்றியின் இனப்பெருக்க, சுவாச நோய்க்குறி வைரசு. அது தொற்றிய கலங்களின் எக்சோசோம்களில் வைரசின் ஆர்என்ஏயும் சில புரதங்களும் இருப்பதையும், அவை வேறு கலத்துக்குள் போய்த் தொற்றை உண்டாக்குவதையும், பிறபொருளெதிரிகளால் அவற்றை முழுமையாகத் தடுக்க முடியாததையும் 2018 இல் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2016 இல், குருதியில் வைரசு தென்படாத, ஆனால் முன்பு தொற்றுக்கு ஆளான பன்றிகளின் புடகங்களில் வைரசுப் புரதங்கள் கண்டறியப்பட்டன. தடுப்பூசி ஆட்களின் ஆர்வம் அங்கிருந்துதான் தொடங்கியது.

இப்போது கிற்றுக்கு வருவோம். செய்முறை சுகமானது. அரை மில்லி நீர்ப்பாயத்தில் (குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீர், சீரம்) கிற்றின் கரைசலை ஊற்றி, அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, சாதாரண மையநீக்கியில் 1500 ஜியில் (புவியீர்ப்பின் 1500 மடங்கு விசையில்) அரை மணி சுற்றினால் அடியில் வெள்ளையாக ஏதோ படியும். அந்த 'ஏதோ'வில்தான் சிக்கல். இவ்வகைக் கிற்றுகள் பலவற்றில் வேலை செய்வது பொலிஎதிலீன் கிளைக்கோலோ அதைப் போன்ற இன்னொரு பொலிமரோதான். வைரசு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக வைரசைச் செறிவாக்கப் பாவிக்கும் அதே சாமான். ஆகவே நோய்ப்பன்றியின் மாதிரியில் புடகமும் வைரசும் ஒன்றாகப் படியும். கூடவே அல்புமின், கொழுப்புப்புரதங்கள், பிறபொருளெதிரிகள். கடைசியாகச் சொன்னது பொல்லாதது. தொற்றுக்குப் பிறகு பன்றியில் பிறபொருளெதிரி ஏறும், படிவும் தடிக்கும், புரத அளவும் கூடும். 'தொற்றினால் எக்சோசோம் பெருகியது' என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். பெருகியது எக்சோசோமா என்பதற்கு அங்கே சான்றே இல்லை. நீர்ப்பாயத்தில் வைரசின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்குக் கிற் போதும். அந்த வேலைக்கு அது நல்ல சாமான்தான்.

ஜெல்லில் நிரலை, அதாவது சிறிஞ்சுக்குள் நிற்கும் ஜெல் தூணை, நாமே கட்டவேண்டும். சிறிஞ்சின் மூக்கில் காலுறைத் துணியை மடித்து அடைக்கவும். இறுக்கி அடைத்தால் ஒழுகாது, தளர்ந்தால் ஜெல் மணி கீழே வரும். போத்தலை மெதுவாகச் சாய்த்துக் கலக்கவும். காந்தக் கலக்கியில் போட்டால் மணிகள் உடைந்து நிரல் அடைபடும். படிந்த பிறகு 10 மில்லி நிற்குமாறு ஊற்றி, 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் வடித்த பொஸ்பேற்று உப்புக் கரைசல் 30 மில்லியால், ஜெல்லைச் சேமித்து வைத்திருந்த எதனோலைக் கழுவி அகற்றவும். கரைசலுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். வன்னிக் கிணற்று நீரின் கல்சியம் பொஸ்பேற்றோடு சேர்ந்து வீழ்படிவாகும், துணிக்கை எண்ணும் கருவி அதையும் புடகமாகவே எண்ணும். கரைசலைக் குளிராக ஊற்றினால் சூடான அறையில் குமிழி கட்டும். ஜெல்லின் தலை காயவே கூடாது. வெடிப்பு விழுந்த நிரலைத் திருத்த முடியாது, திரும்பக் கட்டவேண்டும்.

அரை மில்லி பிளாஸ்மா (உறையவிடாத குருதியின் நீர்ப்பகுதி) விட்டு, கரைசலை ஊற்றிக்கொண்டே, கீழே வருவதை அரை அரை மில்லியாக 26 ரியூப்களில் பிடிக்கவும். புடகங்கள் பெரும்பாலும் 7 முதல் 10 வரையான ரியூப்களில் வரும், அல்புமின் பிந்தும். ஒன்றரை மில்லி விட்டால் இரண்டு ரியூப் தள்ளிப்போகும். இந்த எண்களை நம்பி இருக்காமல் ஒவ்வொரு நிரலிலும் 280 நனோமீற்றர் அலைநீள ஒளியில் புரதத்தை அளந்து பார்க்கவேண்டும். கட்டுகிற கைக்குக் கை நிரல் மாறும்.

ஜெல்லின் எல்லை அதன் துளை அளவில் இருக்கிறது. துளை 75 நனோமீற்றரை அண்டியது. அதைவிடப் பெரியவை உள்ளே நுழையாமல் முதலில் வெளியேறும், சிறியவை துளைக்குள் புகுந்து பிந்தும். பன்றிச் சேர்க்கோவைரசு-2 வெறும் 17 நனோமீற்றர், ஆகவே புரதங்களோடு பிந்தி வரும். அதன் டிஎன்ஏ புடக ரியூப்களில் கிடைத்தால் பொருட்படுத்த வேண்டிய செய்தி. பிஆர்ஆர்எஸ் வைரசு 50 முதல் 65, சாதாரண பன்றிக் காய்ச்சல் வைரசு 40 முதல் 60. இவை இரண்டும் எல்லையில் நிற்பவை, புடகங்களின் வாலோடு கலந்து வரும். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரசு ஏறக்குறைய 200 நனோமீற்றர். புடகங்களோடு ஒன்றாகவே வெளியேறும், ஜெல்லால் பிரிக்கவே முடியாது. பிறபொருளெதிரி ஒட்டிக் கட்டியான வைரசும் இப்படித்தான் முன்னே வரும். ஆர்என்ஏயை அழிக்கும் ஆர்என்ஏஸ் நொதி போட்டும் ஆர்என்ஏ அழியவில்லை, ஆகவே அது புடகத்துக்குள் இருக்கிறது என்று எழுதுவதும் தவறு. வைரசின் உறையும் அதே பாதுகாப்பைத் தரும். எல்லையில் நிற்கும் வைரசுகளுக்கு, ஜெல்லிலிருந்து வந்ததை, சிடி63 என்ற புடக மேற்புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரி பூசிய காந்த மணிகளால் மறுபடி பிடித்துப் பார்ப்பதே வழி. மனிதருக்கென்று செய்த பிறபொருளெதிரிகள் எல்லாம் பன்றியில் ஒட்டா. வாங்குமுன் பன்றியில் சோதித்ததா என்று கேட்கவும்.

எந்தச் சாமானை வாங்கினாலும் பாதி முடிவு குருதி எடுக்கும்போதே தீர்ந்துவிடும். நீர்ப்பாயம் வேண்டாம், குருதி உறையும்போது குருதிச் சிறுதட்டுகள் தாமே புடகம் கொட்டும். குருதியை உறையவிடாத ஈடிடிஏ ரியூப் நல்லது. உறைவைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின், பின்னர் பிசிஆரை (மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) கெடுக்கும். பன்றிக்கு இரவு தீனி நிறுத்தவேண்டும். ஹோட்டல் கழிவு தின்று வந்த பன்றியின் பிளாஸ்மா பால்போல இருக்கும், அதிலுள்ள கொழுப்புத் துணிக்கைகள் புடக அளவிலேயே இருப்பவை. மெல்லிய ஊசியால் அவசரமாக இழுத்தால் செங்கலம் உடைந்து பிளாஸ்மா சிவக்கும், நுண்ணார்என்ஏ (மைக்ரோ ஆர்என்ஏ) முடிவு முழுவதும் செங்கலத்தின் கதையாகிவிடும். 414 நனோமீற்றர் ஒளியில் அந்தச் சிவப்பை அளந்து, ஏறியிருந்தால் எறிந்துவிடவும்.

மடுப் பக்கமிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ கொண்டுவரும்போது முழுக் குருதியை ஐஸ்மேல் வைக்கும் பழக்கம் இருக்கிறது. குளிர் பட்டால் சிறுதட்டுகள் கிளர்ந்துவிடும். வெறும் ரெஜிபோம் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, வெயில் படாமல், இரண்டு மணிக்குள் 2500 ஜியில் 15 நிமிடமாக இருமுறை சுற்றிப் பிளாஸ்மாவை எடுக்கவேண்டும். தூரம் கூடினால் சிறிய மையநீக்கியைப் பண்ணைக்கே கொண்டுபோவது நல்லது. பிறகு எதுவானாலும் மறை 80 பாகையில் வைக்கவேண்டும்.

2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதியானபின் ஒரு விதி கட்டாயம். திடீரென்று பன்றிகள் செத்த பண்ணையில் இந்த வேலைக்குக் குருதி எடுக்கக்கூடாது, அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டு வெளியே நிற்கவேண்டும். 60 பாகையில் 20 நிமிடம் சூடாக்கினால் அந்த வைரசு செயலிழக்கும் என்பது உண்மை. ஆனால் சூட்டில் புரதங்கள் திரண்டு கட்டியாகி, பிறகு நிரலில் புடகம்போலவே முன்னே ஓடிவரும்.

ஜெல்லின் பெரிய வசதி சேமிப்பு. 20 வீத எதனோலில் 4 முதல் 30 பாகை வரை இருக்கும், ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. உறைநிலைப் பெட்டியில் மட்டும் தவறியும் வைக்கக்கூடாது. உறைந்து உருகிய ஜெல்லைக் குப்பையில்தான் போடவேண்டும். பாவித்த நிரலைக் கழுவித் திரும்பப் பாவிக்கலாம் என்பார்கள். ஒரே பண்ணையின் தொற்றில்லாத பன்றிகளுக்கு என்றால் சரி. நோய்ப்பன்றியின் பிளாஸ்மா ஓடிய நிரலை அடுத்த மாதிரிக்குப் பாவித்தால், முந்தியதன் வைரசு ஆர்என்ஏ பிசிஆரில் தலைகாட்டும். மாதிரிக்கு ஒரு நிரல் என்றே கணக்குப் பார்த்து ஜெல் வாங்கவும்.