சாயம் ஒட்டாமல் தடுக்கும் தூள்: செந்தூல் வீட்டில் மூன்று வருட அனுபவம்

கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் ஒவ்வொரு தடவை துணி போடும்போதும், பழைய வேட்டியில் கிழித்த ஒரு வெள்ளைத் துண்டையும் கூடவே போடுவேன். சாயம் ஒட்டாமல் தடுக்கும் தூள் வேலை செய்கிறதா என்பதற்கு மூன்று வருடமாக இதுதான் எனக்குச் சாட்சி. அது வெள்ளையாகவே வெளியே வந்தால், தண்ணீரில் இறங்கிய சாயம் மற்ற துணிகளில் ஏறவில்லை என்று அர்த்தம்.

இதைத் தொடங்க வைத்தது பள்ளிச் சீருடை. மலேசியாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். தொடக்கப்பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டைக்கு மேல் கருநீலப் பினஃபோர், பையன்களுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும். சாயந்திரம் எல்லாம் ஒரே கூடையில்தான் வந்து விழும். பள்ளி திறந்த முதல் வாரமே புதுப் பினஃபோரோடு சேர்த்துத் துவைத்ததில் மகளின் இரண்டு சட்டைகளும் வெளிர்நீலமாகிவிட்டன. சட்டையைத் திருப்பிப் பார்த்தபோது தையல் நூல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. நூல் பாலியெஸ்டர்; பருத்திக்கான சாயம் அதில் பிடிக்காது. சட்டை பாதி பருத்தி, பாதி பாலியெஸ்டர் என்பதால் லேசான நீலத்தோடு தப்பித்தது. முழுப் பருத்தி பனியன்தான் பாவம், திட்டுத்திட்டாக ஆகிவிட்டது.

கடைக்குப் போனால் ஒரே அலமாரியில் இரண்டு வகைத் தூள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டின் டப்பாவிலும் வண்ணத் துணிப் படம்தான். ஆனால் வேலை வேறு வேறு. ஒன்று சோடியம் பெர்கார்பனேட் உள்ள கறை நீக்கும் தூள். தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிட்டு, ஏற்கெனவே படிந்த கறையை வெளுக்கும். இன்னொன்றுதான் நான் சொல்ல வந்த தூள். அதன் முக்கியப் பொருள் பாலிவினைல் பைரோலிடோன், சுருக்கமாகப் பிவிபி என்பார்கள். துணியிலிருந்து கழன்று தண்ணீரில் மிதக்கும் சாயத்தை இது தன்னோடு பிணைத்துக்கொண்டு, இன்னொரு துணியில் ஏறவிடாமல் அலசும் தண்ணீரோடு வெளியே கொண்டுபோகிறது. காயத்துக்குத் தடவும் பழுப்பு நிற போவிடோன் அயோடின் மருந்தில் அயோடினைப் பிடித்து வைத்திருப்பதும் இதே பொருள்தான். இது தெரிந்த பிறகு எனக்குத் தூளின் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்து எழுத்தைப் படியுங்கள். வண்ணத் துணிக்கென்றே விற்கும் சில சவர்க்காரத் தூள்களில் இது ஏற்கெனவே இருக்கும். அப்படியானால் தனியாக வாங்க வேண்டியதில்லை.

முதல் சில மாதம் எனக்குப் பெரிய பலன் தெரியவில்லை. தப்பு என் பக்கம்தான். சவர்க்காரத் தூளைத் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். சாதாரணச் சவர்க்காரத் தூளில் நுரை தரும் பொருள், பிவிபியோடு தானே போய் ஒட்டிக்கொள்ளும். சாயத்தைப் பிடிக்க இடம் குறைந்துபோகும். சவர்க்காரத்தை டப்பாவில் சொன்ன அளவுக்குக் குறைத்ததும் வேட்டித் துண்டு வெளுப்பாக வர ஆரம்பித்தது. அப்புறம், மெஷினைத் திணிக்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் சாயத்தின் செறிவு கூடும். இப்போது முதலில் தண்ணீர், அதில் தூள், கரைந்த பிறகு துணி என்ற வரிசையில்தான் போடுகிறேன். கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீரே மிதமான சூட்டில்தான் வருகிறது, பிவிபி கரைய அதுவே தாராளம். பெர்கார்பனேட்டுக்கு மட்டும் சுடுதண்ணீர் வேண்டும்.

எல்லாச் சாயத்துக்கும் ஒரே பலன் இல்லை. பினஃபோரின் கருநீலம் முழுவதுமாகக் கட்டுப்பட்டது. கணவர் வியாழக்கிழமை அலுவலகத்துக்கு உடுத்தும், மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய பாத்தேக் சட்டைகளும் அப்படித்தான். ஜீன்ஸுக்கு ஓரளவுதான். அதன் நீலச் சாயமான இண்டிகோ தண்ணீரில் கரையாது, துகள் துகளாக உரசித்தான் கழலும். வேட்டித் துண்டு அன்றைக்கு மட்டும் சாம்பல் பூத்தது போல வரும். அதனால் ஜீன்ஸைத் தனியாகத்தான் போடுகிறேன். நைலான் உள்ளாடைகளையும் சேர்ப்பதில்லை. எந்தச் சாயம் கிடைத்தாலும் நைலான் பிடித்துக்கொள்ளும்.

தீபாவளிக்கு மஸ்ஜித் இந்தியா சாலையில் வாங்கிய சிவப்புச் சுடிதார்தான் எனக்குப் பெரிய பாடம். தூள் போட்டுத்தான் துவைத்தேன். இரவு எட்டு மணிக்கு மெஷின் நின்றது, வெளியே இடி மழை, காலையில் காயப்போடலாம் என்று மூடியைக்கூடத் திறக்காமல் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் வெள்ளைத் துப்பட்டாவில் சுடிதாரின் மடிப்பு அப்படியே சிவப்பாக அச்சுப் பதிந்திருந்தது. வேட்டித் துண்டோ மேலே கிடந்ததால் வெள்ளையாகவே இருந்தது. அதாவது துவைக்கும்போது தூள் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதன் பிறகு ஈரத்துணியும் ஈரத்துணியும் இரவு முழுக்க அழுந்திக் கிடந்தபோது, சாயம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேராகவே ஏறிவிட்டது. தூளோ கடைசி அலசலோடு போய்விட்டது, காக்க அங்கே எதுவும் இல்லை. தண்ணீருக்குள் மட்டும்தான் இந்தத் தூள் காவல். மெஷின் நின்ற அடுத்த நிமிடமே துணியை எடுத்து உதறிப் பிரிக்க வேண்டும். மழையானால் வரவேற்பறையிலாவது கொடி கட்டி, வெள்ளையும் வண்ணமும் தொடாமல் விரிக்கிறேன். அடுக்குமாடியில் இடம் இல்லைதான், ஆனால் வேறு வழி இல்லை.

அந்தத் துப்பட்டாவைக் காயவிடாமல், வெயிலும் இஸ்திரியும் படாமல், பெர்கார்பனேட் கரைத்த சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். பருத்தி என்பதால் துணிந்து செய்தேன். இரண்டு தடவை மாற்றி ஊறியதும் பெரும்பாலும் வெளுத்துவிட்டது. பட்டிலும் கம்பளியிலும் இதைச் செய்யாதீர்கள், பெர்கார்பனேட்டின் காரத்தன்மை இழையையே கெடுக்கும்.

"உப்பும் புளிக்காடியும் போட்டு ஊறவைம்மா, சாயம் நிக்கும்" என்று அத்தை இன்றும் சொல்வார். அவர் காலத்துத் துணிகளைப் பற்றி எனக்குத் தெரியாது, அவரிடம் வாதாடியதும் இல்லை. ஆனால் இன்று பருத்தியில் பரவலாக ஏற்றும் ரியாக்டிவ் சாயத்தைப் பிடிக்க வைப்பது காரத்தன்மை, புளிப்பு அல்ல. நம் பாத்தேக் பட்டறைகளில்கூடச் சாயம் நிலைக்கக் காரத்தன்மையுள்ள சோடியம் சிலிக்கேட்டைத்தான் பூசுகிறார்கள். உப்பு, தண்ணீரில் உள்ள சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளும். பக்கத்தில் வெள்ளைத் துணி இருந்தால் அதன் மேலும்தான் தள்ளும்!

டப்பா மாதக் கணக்கில் வருகிறது, ஏனென்றால் எல்லாச் சலவைக்கும் போடுவதில்லை. புதுத் துணிக்கு முதல் ஐந்தாறு தடவையும், சீருடைக்கு வாரம் ஒரு தடவையும் போடுகிறேன். சாயம் நின்றுவிட்டதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியைத் துணியின் உள்மடிப்பில் வைத்து அழுத்தித் தேய்ப்பேன். நிறம் வரவில்லை என்றால் அதற்கு மேல் தூள் தேவையில்லை.

அத்தையின் சுங்குடிச் சேலைகளை மட்டும் இன்னும் தனியாக வாளியில், கையாலேயே அலசுகிறேன். போன வாரம் அலசிய தண்ணீரும் அரக்குச் சிவப்பாகத்தான் ஓடியது.