பேப்பர் டிப்ஸ், ட்ராக் வொர்க், ரேஸ் புக், போர்டு விலை: எதை எதற்காகப் பார்ப்பது?

ரேஸ் நாள் காலையில் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினால், ஒவ்வொரு ரேஸுக்கும் கீழே 1, 2, 3 என்று மூன்று குதிரைப் பெயர்கள் இருக்கும். கடைசியில் ‘டேஸ் பெஸ்ட்’ என்று ஒரு பெயர், ‘டபுள்’ என்று சேர்த்துக் கட்ட இரண்டு பெயர், ஜாக்பாட் எந்தெந்த ரேஸ்களில் என்ற குறிப்பு. கிண்டியோ, பெங்களூருவோ, ஹைதராபாத்தோ, தி இந்துவில் வருவது இந்த வடிவம்தான். அதே பேப்பரில் அதற்கு முந்தைய நாட்களில் ‘ட்ராக் வொர்க்’ என்று ஒரு பொடி எழுத்துப் பத்தி வரும். மைதான வாசலில் குதிரைகளின் விவரங்கள் அடங்கிய ரேஸ் புக் விற்பார்கள். உள்ளே போனால் புக்கி, அதாவது பந்தயப் பணம் வாங்குகிறவர், போர்டில் விலை தொங்கும்: குதிரை ஜெயித்தால் கட்டிய பணத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு. பந்தயம் கட்டுகிறவர் கையில் இருப்பது இந்த நான்கும்தான். வாட்ஸ்அப்பில் வரும் ‘லாயத்திலிருந்து நேரடிச் செய்தி’ வகையறாவை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு செய்தி நிஜமாகவே கையில் இருப்பவர் அதை ஐநூறு பேருக்கு அனுப்பித் தன் விலையைத் தானே கெடுத்துக்கொள்ள மாட்டார்.

முதலில் அந்த மூன்று பெயர்கள். டிப்ஸ் எழுதுகிறவருக்கு ஒரு கஷ்டம் உண்டு: எல்லா ரேஸுக்கும் பெயர் சொல்லியாக வேண்டும். ‘இந்த ரேஸ் எனக்குப் புரியவில்லை’ என்று இடத்தை வெற்றாக விட முடியாது. அதனால் அவர் உறுதியாக நம்பும் குதிரையும், வேறு வழியில்லாமல் எழுதிய குதிரையும் ஒரே அச்சில், ஒரே அளவில் நிற்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க மேலே இருக்கும் கார்டை, அதாவது அந்த ரேஸின் குதிரைப் பட்டியலைப் படிக்க வேண்டும். ‘1,400 மீட்டர், 40 முதல் 65 வரை’ என்று இருந்தால் அது ஹாண்டிகேப். ரேட்டிங் (திறமைக்கான மதிப்பெண்) கூடிய குதிரைக்குச் சுமக்கும் எடையைக் கூட்டி, எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதற்கென்றே போட்ட கணக்கு. குதிரைப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் இருப்பது கேட் எண், அதாவது எந்தக் கதவிலிருந்து கிளம்பும் என்பது; கூடவே எடையும் ஜாக்கி பெயரும் இருக்கும். பத்துப் பன்னிரண்டு குதிரை ஓடும் கீழ்மட்ட ஹாண்டிகேப்பில் பேப்பரின் முதல் பெயர் தோற்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நல்ல குதிரைகள் சம எடையில் மோதும் ரேஸில் அதே டிப்ஸுக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் பேப்பர் டிப்ஸில் உள்ள பெரிய ஓட்டை விலைதான். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சொல்கிறார்கள். என்ன விலைக்குக் கட்டலாம் என்று சொல்வதில்லை. முந்தைய நாள் இரவு அச்சுக்குப் போகும் பக்கத்தில் அதைச் சொல்லவும் முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து ரேஸில் பேப்பரின் முதல் பெயர் மீது நூறு நூறு ரூபாய் கட்டுகிறீர்கள், நான்கு ஜெயிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். போட்ட 1,000 ரூபாய் திரும்பி வரவே ஒவ்வொரு வெற்றிக்கும் 250 ரூபாய் கிடைத்தாக வேண்டும். இதில் வரி வேறு. பந்தயத் தொகை முழுவதற்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். வரியை மேலே சேர்த்து வாங்கினால் 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு 140 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. இப்போது அதே நான்கு வெற்றிக்கு ஒவ்வொன்றிலும் 350 ரூபாய் வந்தால்தான் சமன். பேப்பர் சொன்ன குதிரையைத்தான் ஊரே கட்டுகிறது. எல்லோரும் கட்டிய பணத்தைச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரும் டோட்டில் ஒரே குதிரை மீது பணம் குவிந்தால், அந்தப் பங்கு, அதாவது டிவிடெண்ட், இறங்கும். பத்துக்கு நான்கு சரியாகச் சொல்லும் டிப்ஸ்காரரைப் பின்தொடர்ந்தும் பணம் கரைவது இப்படித்தான்.

‘டேஸ் பெஸ்ட்’ இதைவிடக் கொஞ்சம் நேர்மையான சமாசாரம். அன்றைக்குத் தன் முழு நம்பிக்கை எதன் மீது என்று எழுதியவரே ஒற்றைப் பெயரில் சொல்லிவிடுகிறார். இங்கிலாந்தில் இதற்கு ‘நாப்’ என்று பெயர். 1986-ல் தொடங்கிய ரேசிங் போஸ்ட் பத்திரிகை எல்லாப் பேப்பர் டிப்ஸ்காரர்களின் நாப்களையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு கட்டியிருந்தால் லாபமா நஷ்டமா என்று கணக்குக் காட்டுகிறது. நான் பார்த்த நம்மூர் நாளிதழ்களில் அப்படி ஒரு கணக்கு இல்லை. நாமே வைத்துக்கொள்ளலாம், பெரிய வேலையில்லை. மறுநாள் வரும் ரிசல்ட்டில் ஜெயித்த குதிரையின் டிவிடெண்டோடு, ‘ஃபேவரிட்’, அதாவது அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை, எது என்றும் கடைசியில் போடுவார்கள். ஒரு மாதத்துக்கு டேஸ் பெஸ்டையும் அந்த ஃபேவரிட் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தால், போர்டைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்தைத்தான் அந்தப் பத்தி சொல்லிக்கொண்டிருக்கிறது.

என்னைக் கேட்டால் பேப்பரில் உண்மையான சரக்கு ட்ராக் வொர்க் பத்தியில்தான் இருக்கிறது. அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், எண்களாக இருப்பதால். ஒரு வரி இப்படி இருக்கும்: வெளி மணல் பாதை, 1,000 மீட்டர், 1-8, 600/40. அதாவது காலைப் பயிற்சியில் குதிரை ஆயிரம் மீட்டரை ஒரு நிமிடம் எட்டு வினாடியில் ஓடியது. அதில் கடைசி 600 மீட்டருக்கு 40 வினாடி. பக்கத்தில் ஜாக்கி பெயர் இருக்கும், அல்லது பயிற்சிப் பையன் ஓட்டினான் என்ற குறிப்பு இருக்கும். ரேஸில் ஏறப்போகும் ஜாக்கியே காலையிலும் ஏறியிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். அப்புறம் நேரத்தை மட்டும் தனியாகப் பார்த்து ஏமாறக் கூடாது. 600 மீட்டரை 40-ல் விரட்டி விரட்டி ஓட்டிய குதிரையைவிட, 45-ல் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி ‘ஈஸி’யாக வந்த குதிரை மேலாக இருக்கலாம். மணல் ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது, அதனால் போன வார நேரத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அன்று அதே பாதையில் ஓடிய மற்றக் குதிரைகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஜோடியாக ஓடிய வரிகளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். ‘முன்னது இரண்டு லெங்த் (குதிரை நீளம்) முன்னால் முடித்தது’ என்று இருக்கும். அந்தப் பின்தங்கிய குதிரை அடுத்த வாரம் ஒரு ரேஸை ஜெயித்துவிட்டால், அதைக் காலையில் முந்தியது எது என்று பழைய பேப்பரைத் தேடலாம். ‘மூவ்டு ஃப்ரீலி’ (தாராளமாக ஓடியது), ‘ஷேப்ட் வெல்’ (நன்றாகச் செய்தது) என்பதெல்லாம் பாதிக் குதிரைகளுக்குக் கிடைக்கும் மரியாதைச் சொற்கள். ‘மூவ்டு இம்ப்ரெஸிவ்லி’ (அசத்தலாக ஓடியது) என்று வந்தால் அடிக்கோடு போடலாம். குறையும் இருக்கிறது: காலையில் பறந்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு நடுவே சுருண்டுபோகும் குதிரைகள் எல்லா ஊரிலும் உண்டு. தன் குதிரையின் முழு வேகத்தையும் கடிகாரம் பிடிப்பவர்களுக்குக் காட்ட விரும்பாத ட்ரெயினர்களும் உண்டு.

ரேஸ் புக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஓட்டங்களின் விவரத்துக்காக வாங்கலாம், காசு வீணில்லை. பல பேருடைய டிப்ஸைச் சேர்த்துப் புள்ளி போடும் பட்டியலைத்தான் நான் நம்புவதில்லை. எல்லோரும் ஒரே கார்டையும் ஒரே ட்ராக் வொர்க்கையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். ஐந்து பேர் ஒரே பெயரைச் சொன்னால் அது ஐந்து சாட்சி ஆகாது.

போர்டு விலைக்கு உள்ள பலம், பேப்பருக்குப் பிறகு நடந்ததெல்லாம் அதில் ஏறிவிடும் என்பது. மழை, கடைசி நேரத்தில் விலகிய குதிரை, ஜாக்கி மாற்றம், ரேஸுக்கு முன் சுற்றி நடத்திக் காட்டும் பேடாக்கில் வியர்த்துக் கொட்டிய குதிரை, எல்லாம். யார் ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்பது மட்டும்தான் கேள்வி என்றால் போர்டை நான் பேப்பருக்கு மேலே வைப்பேன். ஆனால் ஃபேவரிட்டையே கட்டிக்கொண்டிருந்தால் மேலே போட்ட கணக்குதான் மறுபடியும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். பேப்பரைப் பார்த்து நகல் எடுப்பது அந்தத் திறமையில் சேராது.

பேப்பரின் மூன்று பெயர்கள் நிஜமாக உதவும் இடம் ஒன்று உண்டு, ஜாக்பாட். தொடர்ந்து ஐந்து ரேஸில் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டும். பேப்பர் சொன்ன மூன்றையும் ஐந்து ரேஸிலும் போட்டால் 243 சேர்க்கை, கட்டுப்படியாகாது. டேஸ் பெஸ்ட் வரும் ரேஸில் அது ஒன்றை மட்டும் வைத்து, இரண்டு ரேஸில் இரண்டிரண்டு, மற்ற இரண்டில் மும்மூன்று என்றால் 36-ல் முடிந்துவிடும். இப்படி வடிகட்டத்தான் அந்தப் பத்தி சரிப்படும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐந்திலும் பேப்பர் குதிரைகளே ஜெயித்தால் அரங்கத்தில் பாதிப்பேர் கையில் அதே சீட்டு இருக்கும், பங்கு சில்லறையாகத்தான் வரும். அந்த மும்மூன்று போடும் ரேஸ்களில் மூன்றாவது பெயரை அடித்துவிட்டு, ட்ராக் வொர்க்கில் அடிக்கோடு போட்ட குதிரையை அங்கே எழுதுங்கள்.