இருவருக்கு ஒரு கேட்டமரன்: ஹோபி 16-ஆ, டார்ட்டா, பிளாஸ்டிக்கா, ஸ்பின்னேக்கரா?

கணவனும் மனைவியும் சேர்ந்து ஓட்ட ஒரு சின்ன கேட்டமரன் (இரட்டை உடல் பாய்மரப் படகு) வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எது வேகம்?" என்பதைத்தான். சென்னைக் கடலுக்கு அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, கவிழ்ந்தால் நீங்கள் இரண்டு பேர் மட்டும் அதை நிமிர்த்த முடியுமா? அடுத்தது, சுக்கானையும் முன்பாயையும் இருவரும் மாற்றி மாற்றிப் பிடிக்க முடியுமா? இல்லை, லாரியில் டிரைவர், கிளீனர் மாதிரி ஒருவர் கடைசிவரை ஓட்ட, இன்னொருவர் கடைசிவரை கயிறு இழுக்க வேண்டியதுதானா? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தே நாலு வகைப் படகுகளையும் இங்கே உரசிப் பார்க்கிறேன். நானும் என் கணவரும் சேர்ந்து 125 கிலோவைச் சுற்றி இருப்போம். என் தீர்ப்புகளில் அந்த எடையின் சாய்வு இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படகுக்கு முன்னால் கடலைப் பார்த்துவிடலாம். நம் கரை கிழக்கைப் பார்த்து நீண்டு கிடக்கிறது. அலையைத் தடுக்க விரிகுடா எதுவும் கிடையாது. பெசன்ட் நகரிலோ கோவளத்திலோ மணலிலிருந்து படகை இறக்கினால், கரையை ஒட்டி உடையும் அலை வரிசையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். துறைமுகத்துக்குள் இறக்கினால் அந்தத் தொல்லை இல்லை. 1911-ல் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் அங்கேதான் இருக்கிறது. முட்டுக்காடு காயல் மூன்றாவது வழி. தண்ணீர் தட்டையாக இருக்கும், ஆனால் ஆழம் குறைவு.

காற்றைப் பொறுத்தவரை, தம்பதியாகக் கற்றுக்கொள்ள ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். பந்தயத்துக்கு அதுதான் சுவை. ஜூனுக்குப் பிறகு காலையில் அடிக்கும் கரைக்காற்றை நம்பவே கூடாது. கரையோரம் சாதுவாகத் தெரியும், பாய் விரித்ததும் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். அக்டோபர், நவம்பரில் வாடையும் புயலும் மாறி மாறி வரும். அப்போது பாயை மடித்து வீட்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஹோபி 16

கலிபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், அலையில் நேரே இறக்கி அலையிலேயே கரையேற வேண்டும் என்று நினைத்துச் செய்த படகு. இதுவரை 1 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. நீளம் 5 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ, பாய்மரம் 8 மீட்டர். இரண்டு உடல்களும் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். வெளிப்பக்கம் தட்டை, உள்பக்கம் வளைவு. அந்த வடிவமே பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வதால், தண்ணீருக்குள் கீழே நீட்டும் டேகர்போர்டு பலகை தேவையில்லை. சுக்கான்களும் தரை தட்டினால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். கரையோரம் வலை கிடக்கும் நம் கடலில் இதன் அருமை போகப் போகத் தெரியும்.

இதில் ஒரு கெட்ட குணமும் உண்டு. முன்மூக்கில் மிதப்பு குறைவு. பின்காற்றில் வேகம் பிடித்து ஓடும்போது மூக்கு தண்ணீருக்குள் சொருகினால், படகு தலைகீழாகப் புரண்டுவிடும். பாய்மரத்திலிருந்து வரும் டிரபீஸ் கம்பியில் இடுப்பை மாட்டிப் படகுக்கு வெளியே தொங்குகிறவர் முன்னால் வீசப்படுவார், அடி பலமாகவே படும். மூக்கு இறங்கத் தொடங்கும்போதே இருவரும் பின்னால் நகர வேண்டும், பெரிய பாயின் கயிற்றைத் தளர்த்த வேண்டும். இது சொல்லி நடக்கிற காரியமில்லை, உடம்பு பழக வேண்டும்.

ஜோடிகளின் சண்டைக்கு ஊற்றுக்கண் இன்னொன்று: டேக் அடிப்பது, அதாவது மூக்கைக் காற்றுக்குள் திருப்பி மறுபக்கம் போவது. ஹோபி 16 இதில் மந்தம். சுக்கானை மெதுவாகத் தள்ள வேண்டும். மூக்கு காற்றைக் கடக்கும் நேரத்தில் பெரிய பாயைத் தளர்த்த வேண்டும். முன்பாயை மட்டும் பழைய பக்கத்திலேயே பிடித்து வைத்து, காற்று அதில் மோதி மூக்கைத் தள்ளிய பிறகே விட வேண்டும். ஒரு கணம் முந்தி விட்டால் படகு நடுக்காற்றில் நின்று பின்னோக்கி நகர ஆரம்பிக்கும், சுக்கானும் எதிர்மறையாக வேலை செய்யும். "இப்ப விடாதீங்க, இன்னும் விடாதீங்க... சரி, விடுங்க!" என்று நான் கத்துவதில் முதல் பாதி காற்றில் பறந்து, கடைசிச் சொல் மட்டும்தான் அவர் காதில் விழும். அப்புறம்தான் புரிந்தது, முன்பாய்க்காரருக்குக் கட்டளையே தேவையில்லை. மூக்கு எங்கே நிற்கிறது என்பதை அவரே பார்த்து முடிவெடுக்கலாம். அதை இருவரும் கற்றுக்கொள்ள ஒரே வழி, இடம் மாறி ஓட்டுவது. இந்தப் படகில் அது சாத்தியம். சுக்கான் வேலைக்குப் பலம் வேண்டாம். பெரிய பாயின் கயிறு பல கப்பிகள் வழியாக வருவதால், இலகுவான ஆளும் இழுத்து இறுக்கலாம். டிரபீஸ் இருவருக்குமே உண்டு.

பந்தயத்துக்கு வந்தால், ஹோபி 16 விதிப்படி இருவரின் மொத்த எடை குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் அந்த வித்தியாசத்தைப் படகில் சுமையாக ஏற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கணவன் மனைவி பலர் இந்த எண்ணுக்கு முன்னே பின்னேதான் இருப்பார்கள். அதாவது மூன்றாவது ஆளையோ கனத்த நண்பரையோ தேடாமல் வீட்டிலிருப்பவரோடு போட்டியிடலாம். எனக்கு இதன் பெரிய கவர்ச்சியே அதுதான்.

நிமிர்த்துவது? முடியும், ஆனால் சுலபமில்லை. மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி, பாய்க்கு அடியில் காற்று புகவிட்டு, கவிழ்ந்த உடல் மேல் நின்று கயிற்றில் சாய்ந்து தொங்க வேண்டும். 125 கிலோ ஜோடிக்குக் காற்று நன்றாக இருந்தால் எழும்பிவிடும். காற்று செத்துப்போன மாலையில் எழும்பாது. தண்ணீர் நிரப்பித் தோளில் தொங்கவிடும் பை ஒன்றைப் படகிலேயே கட்டி வைப்பது புத்திசாலித்தனம். முட்டுக்காட்டில் இன்னொரு கூத்தும் நடக்கலாம்: ஆழமில்லாத இடத்தில் முழுக்கத் தலைகீழானால் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் கற்றுக்கொள்ள "பத்திரமான" இடமே கவிழ்ந்தால் தொல்லையான இடமாகிவிடுகிறது.

டார்ட் 18

ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை ஓடிய டொர்னேடோ கேட்டமரனை வரைந்த ராட்னி மார்ச்சின் கைவண்ணம் இதுவும். நீளம் 5.5 மீட்டரை ஒட்டி இருக்கும், எடை ஹோபி 16-ஐவிடக் குறைவு. இதிலும் டேகர்போர்டு இல்லை. பெரிய பாயின் அடியில் பூம் கட்டையும் இல்லை. பூம் இல்லாத படகில் டேக் அடிக்கும்போது தலையில் அடிபடும் பயம் போய்விடுகிறது, புதிதாகப் பழகும் ஜோடிக்கு அது சின்ன விஷயமில்லை. மூக்கு அவ்வளவாகச் சொருகாது. டிரபீஸ் ஒருவருக்கு மட்டும்தான், அதனால் வேலைப் பிரிவினை தெளிவாக இருக்கும்.

படகாக மட்டும் எடைபோட்டால், ஹோபி 16-ஐவிட டார்ட்தான் பண்பானது என்று சொல்வேன். ஆனால் அதன் ஊர் இங்கிலாந்தும் ஐரோப்பாவும். ஒரு சுக்கான் பாகம் உடைந்தால் அங்கிருந்துதான் வர வேண்டும். பக்கத்தில் இன்னொரு டார்ட் இல்லாமல் பந்தயமும் சுவைக்காது. யாராவது கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்தால் வாங்குங்கள்.

வேவ், கெட்அவே

இரண்டும் ஹோபி நிறுவனம் பாலிஎத்திலீனை வார்த்துச் செய்தவை. வேவ் சுமார் 4 மீட்டர், 110 கிலோவை ஒட்டிய எடை. கெட்அவே ஹோபி 16 அளவே நீளம், 180 கிலோவை ஒட்டிய எடை. பந்தய வெறியர்கள் இவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். நான் பிதுக்க மாட்டேன்.

முதல் கேள்விக்கு இவற்றின் பதில் மற்ற எல்லாவற்றையும்விட நல்ல பதில். பாய்மர உச்சியில் மிதவை மாட்டிக்கொண்டால், கவிழ்ந்தாலும் படகு பக்கவாட்டில்தான் கிடக்கும், முழுக்கத் தலைகீழாகாது. வேவ் படகை 100 கிலோ ஜோடியும் நிமிர்த்தலாம், தனியாளும் முயன்று பார்க்கலாம். மணலில் இழுத்தாலும் உரசினாலும் கவலையில்லை. கெட்அவேயில் அம்மா, அப்பா, தங்கை என்று குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு காற்று வாங்கப் போகலாம். நாலு பேர் சேர்ந்து தள்ளினால்தான் மணலில் நகரும் என்பதால் அவர்களைக் கூட்டிப் போவது ஒருவகையில் அவசியமும்கூட.

இரண்டாவது கேள்வியில்தான் இடிக்கிறது. வேவ் படகில் பெரும்பாலும் ஒரே பாய். ஒருவர் ஓட்டினால் மற்றவர் பயணி. காற்று மிதமாக இருக்கும் நாட்களில் எடையை இப்படியும் அப்படியும் நகர்த்துவதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. முதல் மாதம் இனிமை, பிறகு கொட்டாவி. இருவரில் ஒருவருக்கு மட்டும் கடல் பைத்தியம், மற்றவர் உடன் வருவதே பெரிய விஷயம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

எஃப்16, எஃப்18, அப்புறம் டிவியில் பார்க்கும் நாக்ரா 17

டேகர்போர்டு, முன்னால் பலூன்போல் விரியும் ஸ்பின்னேக்கர், கத்திபோன்ற முன்மூக்கு. எஃப்18 நீளம் 5.52 மீட்டர், எடை 180 கிலோ. இலகுவான ஜோடிக்குச் சிறிய முன்பாயும் சிறிய ஸ்பின்னேக்கரும் வைத்துக்கொள்ள விதியே இடம் கொடுத்தாலும், இது கனத்த இருவரின் படகுதான். எஃப்16 நீளம் 5 மீட்டர், விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச எடை 107 கிலோ. தம்பதிக்கு இந்த வகையில் பொருத்தமானது இதுதான். இரண்டாவது கேள்வியில் இது முழு மதிப்பெண் வாங்கும். ஸ்பின்னேக்கரை ஏற்றுவது, இறக்குவது, அதன் விளிம்பு மடங்காமல் நொடிக்கு நொடி கயிற்றை விளையாடுவது என்று முன்பாய்க்காரருக்கு ஓட்டுபவரைவிட வேலை அதிகம். சலிப்புக்கு இடமே இல்லை.

ஆனால் டேகர்போர்டைக் கீழே இறக்கிவிட்டு மீனவர் வலை மேல் ஏறினால் என்ன ஆகும்? படகு சட்டென்று நிற்கும், டிரபீஸில் இருப்பவர் நிற்க மாட்டார். வலை கிழிந்தால் அது ஒருவரின் பிழைப்பும்கூட. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். கரையோரம் ஃபைபர் படகுகளின் வலைகள் அப்போதும் கிடக்கும்.

நாக்ரா 17 பற்றி ஒரு வார்த்தை. 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தே ஓட்ட வேண்டிய படகு இது. ரியோவில் தங்கம் வென்றபோது அர்ஜென்டினாவின் சாந்தியாகோ லாங்கேக்கு வயது 54, நுரையீரலில் ஒரு பகுதியைப் புற்றுநோய்க்காக அகற்றியிருந்தார். அவருடைய ஜோடி செசிலியா கரான்சா. வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர்கள் ஜேசன் வாட்டர்ஹவுஸும் லிசா டர்மானினும் ஒன்றுவிட்ட உறவினர்கள். டோக்கியோவிலும் பாரிஸிலும் இத்தாலியின் ருஜெரோ டீட்டா, கத்தரீனா பாந்தி ஜோடிக்குத் தங்கம். ரியோவுக்குப் பிறகு இந்தப் படகு நீருக்கு மேலே சிறகில் பறக்கும் ரகமாக மாறிவிட்டது. ஓட்டுபவரும் உடனிருப்பவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் படிக்க இதைவிட நல்ல காட்சி இல்லை. வீட்டுக்கு வேண்டாம்.

எதோடு பந்தயம்?

சென்னையில் பேர் வாங்கியவர்கள், நேத்ரா குமணனாகட்டும், டோக்கியோ ஒலிம்பிக்கில் 49இஆர் என்ற இருவர் படகை ஓட்டிய கணபதி, வருண் ஜோடியாகட்டும், ஒற்றை உடல் படகுக்காரர்கள். கேட்டமரன் ஜோடிக்கு எதிராளி கிடைப்பதே முதல் சவால். வெவ்வேறு கேட்டமரன்கள் கலந்து ஓடினால் எஸ்சிஎச்ஆர்எஸ் என்ற கணக்கு இருக்கிறது: எடுத்த நேரத்தை அந்தப் படகு வகைக்கான எண்ணால் வகுத்துப் பார்ப்பார்கள். நியாயமான கணக்குதான், ஆனால் முன்னால் போனவர் தோற்றாரா ஜெயித்தாரா என்பது கரையில் கால்குலேட்டர் சொல்லித்தான் தெரியும். ஒரே ரகத்தில் இரண்டு படகு இருந்தாலே போதும், இன்னொரு ஜோடியைப் பிடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிடும். அந்த இரண்டாவது படகு எதுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று யோசித்தாலும் ஹோபி 16-தான் வந்து நிற்கிறது.

ஆக, கூட்டு எடை 115-க்கு மேல், இருவருக்கும் ஆசை உண்டு என்றால் பழைய ஹோபி 16. ஒருவருக்குத்தான் ஆசை என்றால் வேவ். ஏற்கனவே நன்றாக ஓட்டத் தெரிந்த, இலகுவான, துறைமுகத்துக்குள்ளிருந்து கிளம்பும் ஜோடிக்கு எஃப்16.

பழைய ஹோபி 16 பார்க்கப் போகும்போது உடலின் மேல்தளத்தை, முக்கியமாக மேடைச் சட்டத்தைத் தாங்கும் முன் தூணுக்கு முன்னால் இருக்கும் பகுதியைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். ஃபைபர் இரண்டு அடுக்காக, நடுவில் நுரை வைத்துச் செய்தது அது. வெயிலில் கிடந்தால் அடுக்கு பிரிந்து, அழுத்தும்போது கொழகொழவென்று அமுங்கும். சின்ன இடம் என்றால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். சுனாமிக்குப் பிறகு நம் குப்பங்களில் ஃபைபர் படகுதான் நிறைய, அதனால் ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும் வைத்துப் பூசத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நுரை அடுக்கு இருப்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தடிமனாகப் பூசி எடையைக் கூட்டிவிடுவார்கள். பிளாஸ்டிக் படகில் விரிசல் விட்டால் அதே கைகளால் ஒன்றும் செய்ய முடியாது, அதை உருக்கித்தான் ஒட்ட வேண்டும்.

டிராம்போலின், அதாவது இரண்டு உடல்களுக்கும் நடுவே நாம் உட்காரும் துணி மேடையின் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் புதிது வாங்கும் செலவையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பாய்மர உச்சிப் பகுதி மின்சாரம் கடத்தாத ஃபைபரா, முழு அலுமினியமா என்றும் பாருங்கள். அலுமினியம் என்றால் 8 மீட்டர் மரத்தை நிறுத்தும் முன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று ஒருவர் பார்க்க, மற்றவர் தூக்க வேண்டும்.