சேலத்தில் ஐந்து, ஏற்காட்டில் நான்கு: எந்த நட்சத்திரத்தை நம்புவது?

போன ஐப்பசியில் அக்கா மகள் கல்யாணம் சேலத்தில் நடந்தது. வெளியூர்ச் சொந்தங்களுக்கு அறை பார்க்கும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தாள். கல்யாணத்துக்காக இரண்டு இரவு, நகரத்துக்குள் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டல். முடிந்த கையோடு எல்லோரும் ஏற்காடு போகலாம் என்றார்கள். அங்கே ஒரே இடத்தில் அத்தனை பேருக்கும் அறை கிடைக்கவில்லை. பாதிப் பேர் நான்கு நட்சத்திரம் என்று இணையத்தில் போட்டிருந்த ஒரு ரிசார்ட்டில், மீதிப் பேர் காப்பித் தோட்டத்துக்குள் ஐந்தே அறை உள்ள ஒரு பழைய பங்களாவில். அம்மாவும் நானும் முதல் இரவு ரிசார்ட்டில் தங்கி, மறுநாள் பங்களாவுக்கு மாறினோம். ஆக, ஒரே வாரத்தில் மூன்று இடத்திலும் படுத்து எழுந்து, மூன்று பில்லையும் நானே கட்டினேன்.

சொந்தக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: கொடுத்த காசுக்கும் போட்டிருந்த நட்சத்திரத்துக்கும் பொருத்தம் இருந்ததா என்று. என் பதில் இதுதான். சேலத்தில் இருந்தது. மலையில் இல்லை. சேலத்தில் ஒரு விருந்தாளிக்கு என்ன தேவையோ, ஏறக்குறைய அதைத்தான் நட்சத்திரம் அளக்கிறது. ஏற்காட்டில், அதுவும் மழைக்காலத்தில், தேவைப்படுவது வேறு. அதை அந்த அளவுகோல் சரியாகப் பிடிப்பதில்லை.

முதலில் யார் கொடுத்த நட்சத்திரம் என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் ஹோட்டலுக்கு முறையான நட்சத்திரம் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகம். ஹோட்டல் விண்ணப்பித்தால் ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். ஒன்று முதல் ஐந்து வரை, அதற்கு மேல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ். அவ்வளவுதான், ஏழு நட்சத்திரம் என்று ஒன்று இந்த வரிசையில் கிடையாது. சான்றிதழ் 5 ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு மறுபடி ஆய்வு. விண்ணப்பிப்பது அவரவர் விருப்பம், கட்டாயமில்லை.

குழு பார்க்கும் விஷயங்களில் பெரும்பகுதி டேப் வைத்து அளக்கக்கூடியவை. ஐந்து நட்சத்திரம் என்றால் குளியலறை நீங்கலாக அறை 200 சதுர அடியாவது இருக்க வேண்டும். இரட்டைக் கட்டில் 180 செ.மீ. அகலம், மெத்தை 10 செ.மீ. கனம். தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடியைத் தாண்டினால் லிஃப்ட். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை ஒன்றாவது வேண்டும். ஹோட்டல் என்று வகைப்படுத்தவே குறைந்தது 10 அறை வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுத் தோட்டத்துக்குள் இருக்கும் ஐந்து அறை, ஆறு அறை பங்களாக்கள் எவ்வளவு நன்றாக நடந்தாலும் ஒரு நட்சத்திரம்கூட வாங்க முடியாது. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்தால், அவர்களுக்கென்று அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் வெள்ளி, தங்கம் என்று தனி வகை உண்டு.

அறை பிடிக்கும் இணையதளங்களில் பெயருக்குப் பக்கத்தில் நாம் பார்க்கும் நட்சத்திரம் பல நேரங்களில் ஹோட்டல்காரரே தந்த தகவல். கூகுள் மேப்பில் வரும் 4.3 வேறு சங்கதி. அது தங்கிப்போனவர்கள் போட்ட மதிப்பெண்களின் சராசரி. மூன்றும் ஒரே குறியில் வருவதால் நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சேலம் ஹோட்டலில் சான்றிதழ் ரிசப்ஷனுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, காலாவதித் தேதி தெரிகிற மாதிரி. ரிசார்ட்டில் கேட்டேன். "மேனேஜர் வந்ததும் காட்டுறோம் சார்" என்றார்கள். நாங்கள் கிளம்பும் வரை காட்டவில்லை.

சரி, இனி தங்கிய அனுபவம்.

வெந்நீரிலிருந்து தொடங்குகிறேன். மலையில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சேலத்தில் குழாயைத் திறந்து பத்து எண்ணுவதற்குள் சூடு வந்தது, நள்ளிரவானாலும் சரி, விடியற்காலையானாலும் சரி. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி மழையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்கு மூடுபனி. ரிசார்ட்டின் வெந்நீர் முழுக்க மாடியில் இருந்த சோலார் தகடுகளை நம்பியிருந்தது. மூன்று நாளாக வெயிலே இல்லை. குழாயில் வந்தது கைக்கு இதமாகக்கூட இல்லாத தண்ணீர். இரண்டு தடவை போன் செய்த பிறகு சமையற்கட்டிலிருந்து ஒரு வாளி வந்தது. கொண்டுவந்த பையன் நனைந்திருந்தான். அவன் மேல் எந்தக் குறையும் இல்லை. வெயிலை நம்பி வெந்நீர் வைத்தவர்கள் மாற்றாக ஒரு கீசர் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. 24 மணி நேர வெந்நீர் என்பது அமைச்சக விதியிலேயே இருக்கிறது. ஆனால் ஆய்வுக் குழு எந்த மாதத்தில் மலையேறி வந்து குழாயைத் திறந்து பார்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த விதிக்குப் பலன்.

பங்களாவில் பின்கட்டில் ஒரு விறகு பாய்லர். தோட்டத்தில் நிழலுக்கு வைத்து மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் மரங்களில் கவாத்து செய்த கிளைகளே விறகு. காலை ஐந்தரைக்குப் பற்ற வைத்தால் பத்து மணி வரை தட்டில்லை. குளித்துவிட்டு வந்து அம்மா, "இப்பத்தான் உடம்பு உடம்பா இருக்கு" என்றாள். 74 வயது, இரண்டு முட்டியும் வலி. அவளுக்கு வெந்நீர் சொகுசுச் சாமான் இல்லை, மருந்து.

அடுத்தது படுக்கை. ரிசார்ட் அறை பெரியது, மெத்தை கனமானது, அளந்தால் எந்த விதியிலும் தேறும். ஆனால் ரஜாயைப் பிரித்ததும் ஈர வாடை. சுவரோரம் லேசாகப் பூசணம். மலையில் மழைக்காலத்தில் துணி தானாகக் காயாது. உலர்த்தும் இயந்திரமோ, அறைக்கு ஹீட்டரோ வேண்டும். அங்கே ஏசி இருந்தது, ஹீட்டர் இல்லை. ஏற்காட்டில் ஐப்பசி ராத்திரியில் ஏசியை யார் போடப் போகிறார்கள்? கேட்டபோது ரூம் ஹீட்டருக்குத் தனியாக 300 ரூபாய் என்றார்கள், அதுவும் இரண்டே இருக்கிறதாம். பங்களாவில் மெத்தை இலவம்பஞ்சு, கொஞ்சம் கட்டி தட்டியது. ஆனால் கம்பளிகளை அடுப்படிக்குப் பக்கத்து அறையில் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். காய்ந்த கம்பளிக்கு ஒரு மணம் உண்டு, அதோடு தூங்கினோம்.

நடக்க முடியாதவர்களுக்கு எது நல்லது என்று கேட்டால் யோசிக்காமல் சேலம் ஹோட்டல் என்பேன். வாசலில் சாய்தளம், லிஃப்ட், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. நட்சத்திர விதிகள் உண்மையிலேயே ஒரு மனிதருக்குப் பயன்பட்டதை அங்கே கண்ணால் பார்த்தேன். அதற்காக அந்த விதிகளை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரிசார்ட் சரிவில் கட்டப்பட்டது. ரிசப்ஷனிலிருந்து எங்கள் குடிலுக்கு 42 படி. மழையில் பாசி பிடித்து வழுக்கியது, பாதி தூரத்துக்குக் கைப்பிடி இல்லை. முன்பதிவு செய்தபோது "வேலி வியூ" என்று மட்டும்தான் போட்டிருந்தது. பள்ளத்தாக்கு தெரிய வேண்டுமானால் பள்ளத்தின் பக்கம் இறங்கித்தானே ஆக வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பங்களா ஒரே தளம். ஆனால் அங்கும் குளியலறை வாசற்படி முழங்கால் உயரம், கம்பி கிடையாது. அம்மாவைக் கைபிடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டில் மூன்றுக்கும் ஆளுக்கொரு விதம். சேலம் ஹோட்டலின் காலை பஃபே நீளமானது. பாஸ்தாவிலிருந்து பணியாரம் வரை இருந்தது. ரொட்டி வகைகள் அருமை. இட்லி மட்டும் மூடிபோட்ட பாத்திரத்தில் ஆவி வேர்த்து, அடியில் நசநசத்துப் போயிருந்தது. இட்லிக்கு ஆயுள் பத்து நிமிடம், அதைத் தட்டிலிருந்து நேரே இலைக்குத்தான் போட வேண்டும். சென்னை மாமா சேலத்துத் தட்டுவடை செட் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்திரி பஃபேயில் சாட் கவுண்டர் இருந்தது, வட இந்தியச் சாட் எல்லாம் இருந்தது. இந்த ஊர்க்காரன் சாயங்காலம் தெருவில் நின்று சாப்பிடும் பீட்ரூட், கேரட் துருவல் வைத்த தட்டுவடை இல்லை. நான் வெளியே போய் வாங்கி வந்தேன். வெளிச் சாப்பாடு கூடாது என்பார்களோ என்று தயங்கி நின்றபோது, ஊழியர் ஒருவர் தாமாகவே அறைக்குத் தட்டும் கரண்டியும் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து நட்சத்திரத்துக்குரிய உபசரிப்பு என்றால் எனக்கு அதுதான்.

ரிசார்ட்டில் மதியச் சாம்பாரில் பருப்பு வேகவில்லை. மலை உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். எண்பது பேருக்கு அவசரமாகச் சமைத்தால் இப்படித்தான் ஆகும். பங்களாவில் சமைக்கும் அம்மா அந்த மலையிலேயே பிறந்தவர். பருப்பை முந்தின இரவே ஊறப்போட்டுக் குக்கரில்தான் வைப்பார். நாலு ஐட்டம்தான், சுடச்சுட. காப்பியும் அப்படித்தான்: 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காப்பி விளையும் மலை இது. பங்களாவில் அதே தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்து இறக்கிய டிகாக்‌ஷன். ரிசார்ட்டில் இயந்திரத்தில் பட்டனை அமுக்கினால் வரும் பொடிக் காப்பி. சுற்றிலும் காப்பிச் செடி நிற்கும்போது அதைக் குடிக்க மனசு கேட்கவில்லை.

பங்களாவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மரம் விழுந்து நான்கு மணி நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இல்லை, இன்வர்ட்டரில் இரண்டு விளக்கு மட்டும். இருட்டிய பிறகு காட்டெருமை வரும், முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டாம் என்று முதலிலேயே எச்சரித்தார்கள். போன் சிக்னல் வாசல் திண்ணையில் மட்டும். உடம்புக்கு முடியாதவரை அங்கே தனியாக விட்டுவர எனக்குத் துணிவு வராது. ரிசார்ட்டில் ஜெனரேட்டர் இருந்தது, நொடியில் விளக்கு வந்தது; அதே ஜெனரேட்டர் தயவில் முற்றத்து ஸ்பீக்கரும் பதினொரு மணி வரை பாடியது. நீச்சல் குளத்தை மழையில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இனி பில். சேலத்தில் அறை ஒன்றுக்கு 6,800 ரூபாய், வரி 5 சதவீதம், மொத்தம் 7,140. ரிசார்ட்டில் 9,500, வரி 18 சதவீதம், மொத்தம் 11,210. அதாவது நான்கு நட்சத்திரம் ஐந்தைவிட நாலாயிரத்துக்கு மேல் அதிகம். வரியில் இவ்வளவு வித்தியாசம் எப்படி என்று மாமா கேட்டார். ஜிஎஸ்டிக்கு நட்சத்திரம் கணக்கில்லை, வாடகைதான் கணக்கு. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22க்கு முன் 12 ஆக இருந்தது), அதற்கு மேல் 18. அதனால் 7,500ஐ ஒட்டி வாடகை சொல்லும் இடங்களில் பேரம் பேசி அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் வரியிலேயே நல்ல தொகை மிச்சமாகும். ரிசார்ட்டின் சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் தானாகச் சேர்ந்திருந்தது. அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அமைதியாக எடுத்துச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். பங்களாவில் சாப்பாட்டோடு சேர்த்து அறைக்கு 3,500.

அதனால் இப்போது யாராவது கேட்டால், சேலத்தில் என்றால் அமைச்சகச் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நட்சத்திரத்தை நம்பச் சொல்கிறேன். கொடுக்கிற பணத்துக்கு லிஃப்ட், கரண்ட், சுத்தம், வெந்நீர் எல்லாம் நிச்சயம். ஏற்காட்டுக்கு என்றால் நட்சத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் போனை எடுக்கச் சொல்கிறேன். வெந்நீர் சோலாரா கீசரா, அறைக்கு எத்தனை படி, ஹீட்டர் உண்டா, ராத்திரி பாட்டு எத்தனை மணி வரை. இந்த நாலையும் கேட்டு, எதிர்முனையில் தடுமாறாமல் பதில் வந்தால் அந்த இடத்தை நம்பலாம். பங்களாக்காரர் நான் கேட்பதற்கு முன்பே குளியலறைப் படியைப் பற்றிச் சொல்லியிருந்தார். ரிசார்ட்டில் 42 படியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தை மாசம் மாமா மறுபடி வருகிறார். இறங்கும் நாள் இரவு சேலத்தில் அதே ஹோட்டல், அப்புறம் இரண்டு இரவு பங்களா என்று முடிவாகிவிட்டது. அம்மாவும் வருகிறாள். குளியலறைப் படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கம்பி அடித்து வைக்க முடியுமா என்று பங்களாக்காரரிடம் கேட்டேன். கொத்தனாரை வரச்சொல்லியிருப்பதாக நேற்று போன் செய்தார்.