ஹெர்குலிஸ் புழு என்று விற்கிறார்கள், டப்பாவில் வருவது எருக்குழிப் புழு

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ‘வண்டு வளர்ப்பு கிட்’ ஒன்று விற்பனையாகிறது. நாலு புழு, இரண்டு கிலோ ‘ஸ்பெஷல் மண்’, ‘ஹெர்குலிஸ், ஆண் பெண் ஜோடி கேரண்டி’ என்று ஒரு சீட்டு. பணம் கட்டி வாங்கிய டப்பாவைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் நாலும் காண்டாமிருக வண்டின் புழு. தென்னந்தோப்பு எருக்குழியில் மண்வெட்டி போட்டால் சும்மா கிடைப்பது. கேட்டதற்கு, ‘வண்டானதும் தெரியும்’ என்று ஒரு பதில். அதற்குப் பிறகு எண் பிளாக்.

ஹெர்குலிஸ் என்பது நீளக் கொம்புள்ள பெரிய வண்டு. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தது. புழுப் பருவமே ஒன்றரை வருஷம் வரை போகும். 25 டிகிரியை ஒட்டிய குளுமை வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் அறையில் அதற்கு வழியில்லை. தவிர, உயிருள்ள பூச்சியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி அனுமதி தேவை. அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள், பேச்சே நின்றுவிடும்.

ஜோடி என்பதும் கதைதான். சின்னப் புழுவில் ஆண் பெண் தெரியாது. இரண்டு முறை தோலுரித்த மூன்றாம் பருவத்தில், வால் பக்கம் அடிவயிற்றில் மங்கலான சிறு புள்ளி இருந்தால் ஆண் என்று பழகிய கண் சொல்லும், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வாரத்தில் புழு செத்தால் ‘தண்ணீர் தெளிக்கவில்லை’ என்று பழி நம்மீது. செத்த புழுவைத் தொட்டுப் பாருங்கள். சாக்பீஸ் மாதிரி விறைத்து, மேலே வெள்ளை பூத்து, பிறகு பச்சையாக மாறினால் அது பச்சை மஸ்கார்டின் பூஞ்சை. காண்டாமிருக வண்டை ஒழிக்க விவசாயிகள் எருக்குழியில் கலந்துவிடும் மருந்தே அதுதான். புழு அங்கிருந்தே நோயோடு வந்திருக்கிறது. அந்த மண்ணில் வேறு புழுவை விடாதீர்கள்.

மண்ணும் ஏமாற்று: பாதி மக்கிய சாணமும் தேங்காய் நார்த்தூளும். ஈரம் பட்டதும் கொதிக்கும். விரலை உள்ளே விட்டால் சூடு தெரியும், புழு மேலே வந்து கிடக்கும்.

பிழைத்தாலும் வம்பு. வண்டு பறந்தால் பக்கத்துத் தோப்பில் தென்னங்குருத்தைக் குடையும். மட்டை விரியும்போது விசிறி மாதிரி வெட்டுத் தெரியும். வெளியே விடாதீர்கள். நோயில்லாத புழுவைக் கோழிக்குப் போடுங்கள், அதற்காவது லாபம்.

பொன்வண்டு ஜோடியும் வேண்டாம். தீப்பெட்டியில் முட்டை போடும், சரி. புழு மண்ணுக்குள் உயிருள்ள வேரைத் தின்பது, வீட்டில் தேறாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தோதானது பூ வண்டு (flower beetle). அதன் புழுவை ஆத்தங்குடிக் கல் தரையில் விட்டால் மல்லாந்து, கால்கள் மேலே இருக்க, முதுகாலேயே ஊர்ந்து போகும். காண்டாமிருகப் புழு பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும். பத்து லிட்டர் டப்பில் ஒரு சாண் உயரத்துக்கு நன்றாக மக்கிய மா, வாகை இலைமக்கு போட்டுப் பத்துப் புழு விடலாம். வேப்பிலையும் தைலமர இலையும் கலக்கக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மேலே அரிசி மாதிரி எச்சம் நிறைந்தால் அதைச் சலித்துவிட்டுப் பாதி மக்கை மட்டும் மாற்றுங்கள். மண் உருண்டையாகக் கூடு கட்டியதும் உடைத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். உடைத்த கூட்டிலிருந்து சிறகு கோணிய வண்டு வரலாம். வெளிவந்த வண்டுக்குக் கனிந்த பூவன்பழத் துண்டு போதும். டப்பை வளவின் (உள்முற்றத்தின்) நிழல் மூலையில், எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் வைத்து அதன்மேல் வையுங்கள்.

பூ வண்டுப் புழு விற்பவரிடம் பணம் அனுப்பும் முன் ஒரு வீடியோ கேளுங்கள்: தரையில் விட்ட புழு, முதுகால் ஊர்வது தெரிய வேண்டும்.