நெட்புக்குக்கு ரேம்: ஆன்லைனில் புதுசா, டவுன்ஹால் ரோட்டில் பழசா?

எங்கள் வீட்டு நெட்புக் (சின்ன சைஸ் லேப்டாப்) 2010இல் வாங்கியது. 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் என்450 பிராசசர், 1 ஜிபி ரேம் (திறந்திருக்கிற வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்). திருமங்கலத்தில் மச்சான் நடத்தும் உரக்கடைக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுப்பது இதில்தான். லிப்ரே ஆபிஸில் ஸ்டாக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பிரவுசரையும் திறந்துவிட்டால் முடிந்தது. ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் சிமிட்டும், மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும், நான் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வருவேன். வேறு லேப்டாப் வாங்கச் சொல்லி வீட்டில் கேட்காத ஆள் இல்லை. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கோடு விழவில்லை, தூக்கிப்போட மனசு வரவில்லை.

ரேமைக் கூட்டலாம் என்று இறங்கியபோது இரண்டு வழி இருந்தது. ஆன்லைனில் புது 2 ஜிபி ரேம் வரவழைக்கலாம். இல்லாவிட்டால் மதுரைக்குப் பஸ் ஏறி, ஏதாவது சர்வீஸ் கடையில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ரேம் வாங்கலாம். முதலில் ஆன்லைனில் வாங்கினேன், அப்புறம் மதுரைக்குப் போனேன். இப்போது யார் கேட்டாலும் பழசுக்குத்தான் என் ஓட்டு.

எதை வாங்கினாலும் தெரிந்திருக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்450இன் உச்சவரம்பு 2 ஜிபி. 4 ஜிபி போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை வேண்டாம். என்270 பிராசசர் வைத்த அதற்கு முந்தைய நெட்புக்குகளுக்கும் 2 ஜிபிதான் எல்லை. பெரும்பாலும் ரேம் செருகும் ஸ்லாட் ஒன்றுதான் இருக்கும், அதனால் இருக்கிற 1 ஜிபியோடு இன்னொரு 1 ஜிபி சேர்க்க வழியில்லை. பழையதைக் கழற்றிவிட்டு 2 ஜிபியாக ஒன்றைப் போட வேண்டும். என்னுடையது டிடிஆர்2 என்ற ரகம், லேப்டாப் அளவு, 200 பின், 667 வேகம். 800 என்று குறித்திருக்கிற ரேமும் பொருந்தும், 667 வேகத்திலேயே ஓடும். என்455, என்550 என்றால் டிடிஆர்3 ஆக இருக்கலாம். அந்த ரேமின் செருகும் ஓரத்தில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது. கடைக்குப் போகுமுன் அடிமூடியைத் திறந்து உள்ளே இருக்கிற ரேமின் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆன்லைனில் வாங்குவதில் உள்ள சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வீட்டு வாசலுக்கு வந்துவிடும். எனக்கும் நாலாம் நாளே வந்தது. பளபளவென்று கவர், மேலே வாரண்டி ஸ்டிக்கர். அடியில் ஒரே ஸ்க்ரூ; பேட்டரியை எடுத்துவிட்டு மூடியைத் திறந்து மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கழற்றி, முனையை ரப்பரால் தேய்த்து மறுபடி போட்டேன். கறுப்புத் திரைதான். பழைய 1 ஜிபியைத் திரும்பப் போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

திருப்பி அனுப்பலாம் என்றால், ரேம் வேலை செய்யவில்லை என்பதற்கு வீடியோ கேட்டார்கள். வீடியோ அனுப்பினேன். உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்கினீர்களா என்று அடுத்த கேள்வி வந்தது. 667 டிடிஆர்2 லேப்டாப் ரேம் என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன், வேறு எதைப் பார்ப்பது? எழுதி எழுதி அலுத்துப்போய், ஒரு சனிக்கிழமை நெட்புக், சார்ஜர், அந்தப் புது ரேம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு மதுரை பெரியார் நிலையத்துக்குப் பஸ் ஏறினேன்.

டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது கடை. குறுகலான படி. மேசை முழுக்கப் பிரித்துப் போட்ட லேப்டாப்புகள். கவுண்டரில் இருந்த தம்பி என் புது ரேமை வாங்கி வேறொரு பழைய லேப்டாப்பில் போட்டார். அதில் ஓடியது! “ரேம் நல்லாத்தாண்ணே இருக்கு, உங்க மதர்போர்டுதான் இதை எடுக்க மாட்டேங்குது” என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. விற்றவர் பொய் சொல்லவில்லை, நானும் தப்பாக வாங்கவில்லை, ஆனால் சாமான் உதவவில்லை.

இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் இதுதான். விலை, வாரண்டி எல்லாம் அப்புறம். இந்தப் பழைய போர்டுகள் சில ரேமை ஏற்கும், சிலதை ஏற்காது. ஸ்டிக்கரில் எல்லாம் ஒன்றாகவே எழுதியிருக்கும், மேலே ஒட்டியிருக்கும் சில்லுகள் வேறு வேறாக இருக்கும். எது ஒத்துவரும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படியானால், போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கிற இடத்தில் வாங்குவதுதானே கணக்கு? தம்பி ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து 2 ஜிபி ரேம்களைப் பொறுக்கினார். முதலில் போட்டது டிஸ்ப்ளே வரவில்லை. இரண்டாவது வந்தது, ஆனால் சிஸ்டம் ஏறும்போது பாதியில் நின்றது. மூன்றாவது சுத்தமாக ஏறி 2 ஜிபி காட்டியது. மூன்றையும் பார்க்கக் கால் மணி நேரம் ஆனது. இதையே ஆன்லைனில் செய்தால் மூன்று பார்சல், இரண்டு ரிட்டர்ன், ஒரு மாதம் ஓடிவிடும். பழைய ரேமுக்கு 400 ரூபாய் கொடுத்தேன். புதுசு 850க்கு வாங்கியது.

பழசு சீக்கிரம் போய்விடாதா என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ரேமில் சுற்றுகிற பாகம் கிடையாது, பேட்டரி மாதிரி தேய்வதும் இல்லை. பத்து வருஷம் ஓடிய ரேம் இன்னும் ஓடத்தான் வாய்ப்பு அதிகம். பெரிய கம்பெனிகள் டிடிஆர்2 காலத்தைத் தாண்டி எப்போதோ போய்விட்டன. இன்று புதுசு என்று மலிவாக விற்பதில் எத்தனை நிஜமாகவே புதுசு என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. பழைய லேப்டாப்பில் முதலிலிருந்தே இருந்த ரேமை நம்புகிற அளவு அதை நம்ப மனசு வரவில்லை. புதுசுக்கு வாரண்டி இருக்கிறது என்பது உண்மைதான். கடைத் தம்பி வாயால் ஒரு மாதம் சொன்னார், அவ்வளவுதான். நான் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் ஓடுகிறது. எட்டு மாதத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதிக்கும் புரோகிராமைப் போட்டு, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். என் நெட்புக்கில் ஒரு சுற்று முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காலையில் ஒரு பிழை காட்டினாலும் அன்றே கடைக்குப் போய் மாற்றிவிட வேண்டும். கடையில் ஏறியது என்பதை மட்டும் நம்பி கணக்கு எழுத ஆரம்பித்தால், ஒருநாள் ஃபைல் கெட்டுப்போய்த்தான் விஷயம் தெரியவரும்.

ரேமுக்குப் பதில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் இடத்தில் போடுகிற, சுற்றாத வேகமான டிஸ்க்) போட்டால் என்ன என்று தம்பியே கேட்டார். பூட் ஆவது கண்டிப்பாக வேகமாகும். நாளைக்கு நெட்புக் போனாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு புது லேப்டாப்பில் போடலாம், டிடிஆர்2 ரேம் பழைய லேப்டாப்பில் மட்டும்தான் பொருந்தும். ஆனால் என் பிரச்சினை ரேம் நிரம்பி, மீதியை டிஸ்க்கில் எழுதுவது. டிஸ்க்கை வேகமாக்கினால் அந்த எழுதல் வேகமாகும், நிற்காது. அதோடு என் மாடலில் ஹார்ட் டிஸ்க்கை எடுக்கக் கீபோர்டையே கழற்ற வேண்டும். அப்படியும் எஸ்எஸ்டி போடுவதானால் புதுசுதான் வாங்க வேண்டும். அதில் எழுத எழுத ஆயுள் குறையும். பழைய ரேமுக்குச் சொன்ன நியாயம் பழைய எஸ்எஸ்டிக்குச் செல்லாது.

2 ஜிபி போட்டபின் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்ற ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் போட்டேன். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது, குரோமும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ரேம், சிஸ்டம் இரண்டையும் மாற்றிவிட்டதால் இப்போதைய வேகத்தில் ரேமின் பங்கு எவ்வளவு, லினக்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டாக் கணக்கும் நாலு டேபும் சேர்ந்து திறந்தாலும் டிஸ்க் விளக்கு அமைதியாக இருக்கிறது. யூடியூப் மட்டும் இன்னும் திணறுகிறது, அது ஆட்டம் பிராசசரின் பலவீனம், ரேம் போட்டுத் தீராது.

கழற்றிய 1 ஜிபிக்குத் தம்பி 50 ரூபாய் தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. கடையில் வாங்கிய 2 ஜிபி ஒருநாள் கைவிட்டால், அடுத்த சனிக்கிழமை மதுரை போகும்வரை உரக்கடைக் கணக்கு ஓட வேண்டுமே. பேப்பரில் சுற்றி, ஸ்க்ரூ டிரைவர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.