காப்பீட்டு அட்டை இருந்தும் அட்வான்ஸ் கேட்கிறார்களா? கட்டும் முன் படியுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே, தனியார் மருத்துவமனையில் 40,000, 60,000 என்று கட்டிவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏமாற்று பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் நடக்கிறது. நோயாளியைச் சேர்த்ததற்கும், காப்பீட்டுத் தரப்பின் முன் அனுமதி வருவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம்.

நெஞ்சுவலி என்று கொண்டுபோகிறார்கள். ஆஞ்சியோ பரிசோதனையில் இதய ரத்தக்குழாயில் அடைப்பு தெரிகிறது. அதைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைக்க வேண்டும். அட்டையை நீட்டினால், “அப்ரூவல் வர லேட்டாகும், இப்போதைக்கு 50,000 கட்டுங்க, வந்ததும் திருப்பிக் கொடுத்துடுவோம்” என்று பதில். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று பேச்சு மாறும்: “திட்டத்துல வர்றது சாதா ஸ்டென்ட். உங்களுக்கு நல்லதா போட்டிருக்கோம், அந்த வித்தியாசத்துக்குச் சரியாப் போச்சு.” ரசீதைப் பார்த்தால் மருத்துவமனை பெயரே இருக்காது, உள்ளே இருக்கும் மருந்துக்கடை பில்லாக இருக்கும். திட்டத்தின் பேக்கேஜ் தொகையும் தனியாக அவர்களுக்குப் போய்ச் சேரும். ஒரு சிகிச்சைக்கு இரண்டு வசூல்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் திட்டம் ஒரு நிலையான தொகையைத்தான் தருகிறது. படுக்கை, மருந்து, பரிசோதனை, அறுவைச் சிகிச்சை எல்லாம் அதற்குள் அடக்கம். பணம் கட்டும் நோயாளியிடம் வாங்குவதைவிட அது குறைவு, கைக்கு வரவும் நாளாகும். ‘கட்டுப்படியாகவில்லை’ என்பது மருத்துவமனையின் கவலையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தொகைக்குச் செய்கிறோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன், மருத்துவமனையில் இத்திட்டத்துக்கென்று இருக்கும் கவுன்ட்டருக்குப் போங்கள். இந்தச் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா, இந்தத் துறைக்கு உங்கள் மருத்துவமனைக்கு அங்கீகாரம் உண்டா, முன் அனுமதிக்கு அனுப்பியாயிற்றா, எவ்வளவு தொகை கேட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அங்கீகாரம் துறைவாரியானது. வாசலில் திட்டத்தின் பலகை இருப்பதால் எலும்பு, சிறுநீரகம், இதயம் எல்லாமே உண்டு என்று அர்த்தமில்லை. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. அதை நேராகச் சொல்லி அனுப்பாமல், சேர்த்துக்கொண்டு காசு வாங்குகிற இடங்களும் உண்டு. சந்தேகமிருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள். அவசரம் என்றால் தொலைபேசி வழியாகவே அனுமதி பெற வழி இருக்கிறது. ‘லேட்டாகும்’ என்பவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், குரல் இறங்கும்.

இதைவிட ஆபத்தானது ஒரு தாள். சேர்க்கும்போது நீட்டும் படிவக் கட்டில், ‘காப்பீட்டுத் திட்டத்தைப் பயன்படுத்த விரும்பவில்லை, சொந்தச் செலவில் சிகிச்சை பெறுகிறோம்’ என்று ஒன்று செருகப்பட்டிருக்கும். அதில் கையெழுத்து விழுந்தால், பிறகு எங்கே புகார் செய்தாலும் அந்தத் தாளைத்தான் காட்டுவார்கள். இது கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பில்லை அனுப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெற்றுப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். திட்டம் தரும் காப்பீடு ஆண்டுக்குக் குடும்பத்துக்கு மொத்தமாக 5 லட்சம் ரூபாய், ஆளுக்கு 5 லட்சம் அல்ல. அந்த வெற்றுப் படிவத்தில் நடக்காத சிகிச்சையை எழுதி அதிலிருந்து பணம் எடுத்துவிட்டால், அதே வருடம் வீட்டில் இன்னொருவருக்குத் தேவைப்படும்போது இருப்பு குறைந்திருக்கும்.

அட்டையிலேயே கோளாறு இருப்பதும் உண்டு. நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இல்லாவிட்டால் கவுன்ட்டரில் நிற்க வேண்டியதுதான். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டில் கிடக்கும். மகனுக்குக் கல்யாணம், வேலை, 25 வயது, இதில் எது முதலில் வந்தாலும் அப்பாவின் அட்டையிலிருந்து விலகிவிடுவான். சேர்ப்பு, நீக்கல் வேலையை உடம்பு நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அட்டைக்குக் காசு கேட்கும் தரகர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டை இலவசம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்கு நேரில் போனால் போதும். “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று போனில் கேட்பவன் அட்டை வாங்கித் தருகிறவன் அல்ல.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு ரசீது, உள்மருந்துக்கடை பில், முன் அனுமதி விவரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். ரசீது தர மறுத்தால், கட்டிய தேதி, நேரம், தொகை, வாங்கியவர் எந்த கவுன்ட்டர் என்று அன்றே எழுதி வையுங்கள். ஜிபே மூலம் அனுப்பியிருந்தால் அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். முதலில் மேலே சொன்ன கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். பிறகு அதே நகல்களுடன், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். இத்திட்டத்துக்கான மாவட்டக் குறைதீர் குழுவுக்கு அவர்தான் தலைவர். மனுவில் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.